தெர்மோஸ்டாட் மாற்றியும் கூலன்ட் ஒழுகுதா? முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்!

ஆரணியிலிருந்து பட்டுச் சேலைகளோடு காஞ்சிபுரம் கிளம்பிய காரில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார். மறுநாள் அதே இடத்தில் கூலன்ட் சொட்டுகிறது. ‘புது பார்ட் டூப்ளிகேட்டா?’ என்ற சந்தேகம் வரும். பெரும்பாலும் காரணம் அதுவல்ல.

ஏன் ஒழுகுகிறது?

தெர்மோஸ்டாட் ஹவுசிங் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஓ-ரிங் அல்லது கேஸ்கெட் இருக்கும். பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருந்தாலோ, ஓ-ரிங் நகர்ந்திருந்தாலோ, போல்ட்டை ஒரே பக்கம் இறுக்கியதில் பிளாஸ்டிக் ஹவுசிங் வளைந்திருந்தாலோ கசியும். மேலே பேஸ்ட் பூசினால் நிற்காது. உள்ளே பிதுங்கிய பேஸ்ட் ரேடியேட்டரையே அடைக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சூட்டில் கசியும் கூலன்ட் உடனே ஆவியாகி, காய்ந்த கறை மட்டுமே மிஞ்சும். அதனால் இன்ஜின் ஆறியபின் பிரஷர் டெஸ்டர் வைத்து, ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை பம்ப் செய்யச் சொல்லுங்கள். ஓட்டை தானாகக் காட்டிக்கொடுக்கும். ஹோஸ் கிளாம்ப்பையும் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

சரிசெய்வது எப்படி?

கழற்றி, இரு பரப்பையும் சுத்தமாகத் துடைத்து, புது ஓ-ரிங் போட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக இறுக்க வேண்டும். ஹவுசிங் வளைந்திருந்தால் மாற்றியே ஆகணும். பிறகு சிஸ்டத்தில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

‘தண்ணி ஊத்தி ஓட்டிக்கலாம்’ என்று தள்ளிப்போட்டால்? இன்ஜின் ஓவர்ஹீட்டாகி ஹெட் கேஸ்கெட் போகும். சின்ன ஓ-ரிங்கில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் செலவில் போய் நிற்கும்.