ஓசிமாண்டியஸ் (கவிதை)

ஓசிமாண்டியஸ் என்பது ஆங்கிலப் புனைவியல் கவிஞர்களுள் ஒருவரான பெர்சி பிஷ் ஷெல்லி (1792–1822) இயற்றிய கவிதை ஆகும். சானெட் எனப்படும் 14 அடிப் பாவகையைச் சேர்ந்த இது, 1818 சனவரி 11 அன்று இலண்டனின் தி எக்சாமினர் வார இதழில், கிளிராஸ்டிஸ் என்னும் புனைபெயரில் முதன்முதலாக வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் பரவலாகக் கற்பிக்கப்படும் கவிதைகளுள் இதுவும் ஒன்று.

பொருட் சுருக்கம்

பயணி ஒருவர் தாம் பாலைவனத்தில் கண்டதைக் கவிதை சொல்பவரிடம் விவரிக்கிறார். உடலற்ற இரண்டு கற்கால்கள் நிற்கின்றன. அருகே உடைந்த முகம் மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. அதில் மன்னனின் ஆணவமும் ஏளனமும் இன்னும் தெரிகின்றன. பீடத்திலுள்ள கல்வெட்டு, அவன் மன்னர் அனைவரினும் மேலானவன் என்றும், அவனது ஆக்கங்களைக் கண்டு வலியோர் நம்பிக்கை இழக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சுற்றிலும் மணலைத் தவிர வேறெதுவும் இல்லை.

பின்னணி

ஓசிமாண்டியஸ் என்பது எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செசின் (ஆட்சிக்காலம்: கி.மு. 1279–1213) அரியணைப் பெயரின் கிரேக்க வடிவமாகும். கி.மு. முதலாம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாளர் டியோடோரஸ் சிக்குலஸ் இம்மன்னனின் சிலையையும் அதிலிருந்த கல்வெட்டையும் பற்றி எழுதியுள்ளார். 1816 இல் ஜியோவானி பெல்சோனி என்பவர் இம்மன்னனின் நினைவுக் கோயிலிலிருந்து, 7 தொன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள சிலைப்பகுதி ஒன்றைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக அகற்றினார். அது இலண்டனை வந்தடையும் முன்பே கவிதை அச்சாகிவிட்டது. எனவே ஷெல்லி அருங்காட்சியகத்தில் அச்சிலையைப் பார்த்து இதனை எழுதினார் எனக் கொள்வது தவறாகும்.

ஷெல்லியும் அவரது நண்பர் ஹொரேஸ் சிமித்தும் ஒரே பொருளில் ஆளுக்கொரு சானெட் எழுதினர். சிமித்தின் கவிதை 1818 பெப்ரவரி 1 அன்று அதே இதழில் வெளியானது. அது, இலண்டன் நகரும் ஒருநாள் இவ்வாறே பாழாகும் என வெளிப்படையாகக் கூறி முடிகிறது. ஷெல்லியோ அறவுரை எதுவும் கூறாமல், மணற்பரப்பைக் காட்டி நிறுத்திவிடுகிறார்.

அமைப்பு

இத்தாலிய மரபுச் சானெட்டில் முதல் எட்டு அடிகளுக்கு ஓர் இயைபும், இறுதி ஆறு அடிகளுக்கு வேறோர் இயைபும் அமையும். ஷெல்லி இம்மரபை மீறுகிறார். எட்டாம் அடியோடு நிற்க வேண்டிய இயைபு பத்தாம் அடிவரை நீள்கிறது.

கவிதையில் மூவர் கூற்று ஒன்றினுள் ஒன்றாக அமைந்துள்ளது. கவிதை சொல்பவர் பயணியின் சொற்களைக் கூறுகிறார். பயணி மன்னனின் சொற்களைக் கூறுகிறார். உலகை அதட்டிய குரல், மூன்றாம் கை மாறிய செய்தியாக மட்டுமே நம்மை வந்தடைகிறது.

முரண்நகை

கல்வெட்டின் சொற்கள் மாறவில்லை. அவற்றின் பொருள் மாறிவிட்டது. தன் பெருமைக்கு ஈடாக முடியாதே என்று பிற மன்னர்கள் மனம் தளர வேண்டும் என்பது ஓசிமாண்டியசின் எண்ணம். இன்று அதைப் படிப்பவருக்கோ, இத்தகைய பெருமையும் அழியும் என்பதே மனத்தளர்ச்சிக்குக் காரணமாகிறது.

சிற்பியின் கையைக் குறிக்கும் தொடரில் வரும் வினைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் போலச்செய்தல், எள்ளல் என இரு பொருள்கள் உண்டு. மன்னன் பணித்தபடி அவன் முகத்தை வடித்த சிற்பி, அம்முகத்தின் கொடுமையையும் கல்லில் பதித்துவிட்டான். அக்கை சிற்பியுடையது, அதனை அடுத்துக் கூறப்படும் இதயம் மன்னனுடையது எனப் பிரித்தறியாத மாணவர்கள் இவ்விடத்தில் குழம்புவதுண்டு.

அரசியற் சூழல்

கவிதை எழுதப்பட்ட 1817 இல் பிரித்தானியாவில் ஆட்கொணர்வு உரிமை இடைநிறுத்தப்பட்டது. எக்சாமினர் ஆசிரியர் லீ ஹண்ட், ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசரை இகழ்ந்து எழுதியதற்காக 1813 முதல் 1815 வரை சிறையில் இருந்தவர். அவ்விதழில், அக்காலத்தில், கொடுங்கோலன் ஒருவனின் வீழ்ச்சியைப் பாடுவது வெறும் பழங்கதை ஆகாது.

பள்ளிக் கல்வியில்

இங்கிலாந்தில் 16 வயதளவில் எழுதப்படும் ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கான ஏ.கியூ.ஏ. வாரியத்தின் "அதிகாரமும் முரண்பாடும்" என்னும் 15 கவிதைகள் கொண்ட தொகுதியில் இக்கவிதை இடம்பெற்றுள்ளது. இத்தொகுதியில் முதல் தேர்வு 2017 இல் நடைபெற்றது. வினாத்தாளில் அச்சிடப்படும் கவிதையை, தொகுதியின் மற்றொரு கவிதையோடு மாணவர் ஒப்பிட வேண்டும். நூல் அனுமதிக்கப்படாததால், இரண்டாவது கவிதையை நினைவிலிருந்தே எழுத வேண்டும்.

இம்முறையில் அணிகளின் பெயர்களையும் தனித்தொடர்களையும் மனப்பாடம் செய்வதோடு படிப்பு நின்றுவிடக்கூடும். "அனைத்தும் அழியும்" என்பதே கருப்பொருள் எனச் சுருக்குவதும் போதாது. மன்னனின் ஆக்கங்கள் அழிந்தன. சிற்பி அவனைப் பற்றிக் கூறிய உண்மை எஞ்சியது. அதே தொகுதியிலுள்ள இராபர்ட் பிரௌனிங்கின் "மை லாஸ்ட் டச்சஸ்" கவிதையில், ஒரு பிரபு மனைவியின் ஓவியத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறான். அவ்வோவியத்தையும் இச்சிலையையும் ஒப்பிட்டு, கலை யாருக்குப் பணிகிறது என்று கேட்பது கவிதையின் மையத்துக்கு மாணவரை இட்டுச்செல்லும்.