விலங்கு விஞ்ஞானம்: மாட்டு டாக்டர் படிப்பு அல்ல

"மகன் கம்பஸ்ல என்ன படிக்கிறார்?" என்று யாராவது கேட்டால், "டாக்டருக்குத்தான்" என்று உம்மா சொல்லிவிடுவா. "மாட்டு டாக்டர்" என்பதன் முன்பாதியை விழுங்கிவிட்டதாக அவவுக்கு நினைப்பு. உண்மையில் நான் மாட்டு டாக்டருக்கும் படிக்கவில்லை. நான் படித்தது விலங்கு விஞ்ஞானம்.

இந்த வேறுபாட்டை நமது பெற்றோர்களும் உயர்தர மாணவர்களும் விளங்கிக்கொள்வது நல்லது. மிருக வைத்தியப் பட்டத்தை நமது அரச பல்கலைக்கழகங்களுள் பேராதனை மட்டுமே வழங்குகிறது. விலங்கு விஞ்ஞானத்தைப் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டமாகவே படிக்கலாம். பேராதனை, கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடங்களிலும் இதற்கெனத் துறைகள் உள்ளன. நோய்க்கு மருந்து கொடுப்பது வைத்தியரின் வேலை. பிராணிக்கு என்ன தீனி, எவ்வளவு, எந்த இனத்தோடு எந்த இனத்தைச் சேர்ப்பது, பாலையும் இறைச்சியையும் பழுதாகாமல் எப்படிப் பேணுவது என்பன எங்கள் பாடங்கள். நான்கு வருடப் படிப்பு, ஆங்கில மொழிமூலம். இரசாயனவியலும் புள்ளிவிபரவியலும் படிக்க வேண்டும். விடியற்காலையில் தொழுவத்தில் சாணியும் அள்ள வேண்டும்.

நான் விரும்பிப் போகவில்லை. மருத்துவ பீடத்துக்கு இஸட் புள்ளி போதவில்லை, கிடைத்ததற்குப் போனேன். இரண்டாம் வருடத்தில் ஒரு விரிவுரைதான் என்னை மாற்றியது.

அதற்குப் பல வருடங்களுக்கு முன், ராத்தாவின் கலியாணத்தன்று சஹனில் மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதென்று ஒரு பெரிய பேசின் நிறைய அள்ளி எங்கள் பசுவுக்கு வைத்தேன். ஆசையோடு தின்றது. மறுநாள் படுத்துவிட்டது, அசை போடவில்லை, தண்ணீராய்க் கழிந்தது. அடுத்த நாள் மௌத்து. கறவைப் பசு. "கண்ணூறு பட்டுட்டு" என்றார் வாப்பா. யாரும் என்னைக் கேட்கவில்லை.

மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதல் அறை, பெரிய பசுவொன்றில் 100 லீற்றருக்கும் மேல் கொள்ளும். அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் மெதுவாகப் புளிக்கச் செய்கின்றன. மாட்டுக்குச் சக்தி வருவது பெரும்பாலும் அதிலிருந்துதான். ஆனால் சோறு, அரிசி, பாண் போன்ற மாப்பொருள் திடீரென அதிகமாக விழுந்தால் அவை வெகுவேகமாகப் புளித்து லக்ரிக் அமிலம் பெருகும். வழமையாக 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும் பீஎச் பெறுமானம் 5க்கும் கீழே இறங்கும். நல்ல நுண்ணுயிர்கள் மடியும். உடம்பின் நீர் இரைப்பைக்குள் இழுபடும். அமிலம் இரத்தத்திலும் ஏறும். பிராணி படுத்துவிடும்.

விரிவுரையாளர் இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பேசினைத்தான் கண்டேன்.

விடுமுறைக்குப் போனபோது வாப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப கண்ணூறு இல்லயா?" என்றார். "இல்ல வாப்பா, நான் வெச்ச சோறு." "உனக்குத் தெரியாதுதானே மகன். இனித் தெரிஞ்சவன் நாலு பேருக்குச் சொல்லு" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது உழ்ஹிய்யாவுக்கு வாங்கிய மாட்டை வீட்டில் கட்டி, பிள்ளைகள் பிரியத்தோடு சோறும் பாணும் ஊட்டுகிறார்கள். வேண்டாம். புல், வைக்கோல், தண்ணீர் போதும். தவிடோ தானியமோ கொடுப்பதென்றால் சிறிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள். தவறுதலாக அதிகம் தின்றுவிட்டால் விடியும்வரை காத்திராமல் மிருக வைத்தியரை அழையுங்கள். மாட்டுக்கு இரண்டு வயது பூர்த்தியாக வேண்டுமென்ற நிபந்தனைக்கு நம் முன்னோர் பல் பார்த்ததும் வெறும் வழக்கமல்ல. முன்பக்கத்து முதற்சோடி நிலையான பற்கள் ஏறக்குறைய அந்த வயதில்தான் முளைக்கின்றன.

பட்டியும் பாலும் தயிரும் நமது கிழக்கூர்களுக்குப் புதியவை அல்ல. அவற்றைப் படிப்பதைக் குறைவாகக் காண்பதுதான் புதுமை. இப்போது யாராவது கேட்டால் உம்மா முழுதாகவே சொல்லுறா: "மாட்டுக்கு என்ன கொடுக்கக் கூடாதென்று படிச்சவர்."