முடிவைச் சொல்லாதேடி!

சங்கரன்கோவிலில் நாலு சிநேகிதிகள் கூடித் துப்பறியும் கதை பேச விரும்பினால், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலில் தொடங்கலாம். அதுவே 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘திகம்பர சாமியார்’ படமாயிற்று. சாமியாராக எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் வந்தார். புத்தகத்தில் அந்த முகங்களை நாமே கற்பனை செய்துகொள்கிறோம். திரையிலோ, ‘அதோ நம்பியார்!’ என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆகையால் புத்தகம் முதலில், படம் பிறகு.

தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ மட்டும் விதிவிலக்கு. அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கும் அசடு அவர். தொலைக்காட்சியில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்ததைப் பார்த்தவர்களும் புத்தகத்தைப் படித்துச் சிரிக்கலாம்.

மற்றக் கதைகளில் முடிவை உளறிவிடாதீர்கள், சகோதரிகளே! உளறினால் கதையும் போச்சு, சிநேகமும் போச்சு!