டிராக்டரில் ஹைட்ராலிக் ஓஸ் ஏன் தானாகக் கழன்றுகொள்கிறது? கம்பி போட்டுக் கட்டுவது ஏன் ஆபத்து?

கோடை வந்துவிட்டால் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் டிராக்டர்களுக்கு ஓய்வே கிடையாது. ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம், அதாவது நம்ம பொன்னேரி இருக்கிற பகுதி இது. சின்ன ஏரி, குளங்களுக்கும் பஞ்சமில்லை. வண்டல் மண் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே வாங்கலாம் என்று 2024-ல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. அதன்பிறகு டிப்பர் டிரெய்லர் மாட்டிய டிராக்டர்கள் ஏரிக்கும் வயலுக்கும் போய்வருவது இன்னும் சகஜமாகிவிட்டது.

அந்த ஓட்டத்துக்கு நடுவில் ஒரு நாளைக்கு ஒருமுறையாவது காதில் விழுகிற வாக்கியம்: “அண்ணே, ஓஸ் கழண்டுக்கிச்சு!”

பெரும்பாலும் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இறங்கி, துடைத்து, மறுபடி சொருகிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அந்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2.2 பார். டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில் வேலை செய்வது 180 பார் அளவில். கிட்டத்தட்ட 80 மடங்கு. ஆகவே, “கழண்டுக்கிச்சு” என்பதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஊரில் அப்பாவோ மாமாவோ டிராக்டர் வைத்திருந்து, நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்தால், உங்களுக்கும் சேர்த்துத்தான் இது.

எல்லாக் கருவிக்கும் இந்தப் பிரச்சினை உண்டா?

இல்லை. ரொட்டவேட்டர், கொத்துக் கலப்பை மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தத் தலைவலி தெரியாது. அவற்றைத் தூக்கி இறக்குவது டிராக்டருக்குள்ளேயே இருக்கும் லிஃப்ட். ஹாரி ஃபெர்குசன் 1930-களில் கொண்டுவந்த மூன்று புள்ளி இணைப்பு அது. (1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸி ஃபெர்குசன் வண்டிகளின் பெயரில் இருக்கும் ஃபெர்குசன் இவர்தான்.) அதற்கு வெளியே ஓஸ் எதுவும் தேவையில்லை.

கருவியிலேயே தனியாக ஜாக்கி இருந்தால்தான் டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து ஓஸ் இழுக்க வேண்டும். டிப்பர் டிரெய்லர், ஹைட்ராலிக் ரிவர்சிபிள் கலப்பை, லேசர் லெவலர் எல்லாம் இந்த வகை. இவற்றில் டிப்பருக்கு ஒரே ஓஸ் போதும். ஆயில் உள்ளே போனால் பெட்டி எழும்பும், லிவரைத் திருப்பினால் பெட்டியின் எடையிலேயே ஆயில் அதே வழியில் திரும்பி வந்துவிடும். ரிவர்சிபிள் கலப்பைக்கு இரண்டு ஓஸ். ஒன்றில் ஆயில் போகும்போது இன்னொன்றில் திரும்பி வரும்.

கப்ளிங் உள்ளே என்ன இருக்கிறது?

டிராக்டர் பக்கம் இருப்பது பெண் கப்ளர். அதன் வாயைச் சுற்றிச் சின்னச் சின்ன எஃகு குண்டுகள் வளையமாக இருக்கும். ஓஸ் முனையில் இருப்பது ஆண் முனை, அதன் கழுத்தில் ஒரு பள்ளம். முனையைச் சொருகியதும் குண்டுகள் அந்தப் பள்ளத்தில் விழும். மேலே இருக்கும் வளையம் நகர்ந்து வந்து குண்டுகள் வெளியே வராமல் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் முக்கியம்.

இரண்டு முனைகளுக்குள்ளும் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு உண்டு. சேர்ந்திருக்கும்போது ஒன்றையொன்று தள்ளித் திறந்து வைத்திருக்கும். பிரிந்தால் இரண்டும் மூடிக்கொள்ளும். அதனால் பெட்டி மேலே இருக்கும்போது ஓஸ் கழன்றால், வால்வு நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில் பெட்டி அப்படியே மேலே நிற்கும், கீழே விழாது. விழுவது ஓஸ் வெடித்தாலோ கிழிந்தாலோதான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கம்பி விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இன்னொரு விசித்திரமும் இங்கேதான். கப்ளிங் முழுதாகச் சேராமல் அரைகுறையாக உட்கார்ந்திருந்தால், பெட்டி எழும்பும், ஆனால் இறங்காது. பம்பின் அழுத்தம் டிரெய்லர் பக்க வால்வைத் தள்ளித் திறந்துவிடுகிறது. திரும்பி வரும் ஆயிலோ அதே வால்வைத் தள்ளி மூடிவிடுகிறது. “ஜாக்கி ரிப்பேர்” என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன், கப்ளிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம். பல நேரம் விஷயம் அதுதான்.

அப்படியானால் ஏன் கழன்றுகொள்கிறது?

முதல் காரணம் நீளம். வாங்கும்போது ஓஸை மீட்டர் கணக்கில் மிச்சம் பிடிப்பார்கள். நேராக ஓடும்போது போதும்போலத் தெரியும். ஏரிக்கரையில் ஒடித்துத் திருப்பும்போது டிராக்டரின் பின்பக்கத்துக்கும் டிரெய்லர் மூக்குக்கும் நடுவில் தூரம் மாறும். ஓஸ் விறைக்கும், கப்ளிங் இழுபடும். பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் இதே கதை. டிராபார் ஓட்டை தேய்ந்து, பின் ஆடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஓஸ் கொஞ்சம் இழுபடும். அந்த வண்டியில் ஓஸை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது.

இரண்டாவது, ஓஸ் போகிற வழி. லிஃப்ட் கைகளுக்கு நடுவில் தொங்கவிட்டிருந்தால், கை அசையும்போது கப்ளரின் வளையத்தில் இடித்து அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். யாரும் தொடாமலே கப்ளிங் திறந்துகொண்டதுபோல இருக்கும்.

மூன்றாவதுதான் நம்ம ஊர்க் காரணம்: புழுதி. அரியலூர் மாவட்டத்துச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு செம்மண், ஏரிச் சேறு. மூடி போடாமல் தரையில் கிடந்த ஆண் முனையை, லுங்கியில் ஒரு துடை துடைத்துச் சொருகினால், அந்த மணல் போய் உட்காருவது குண்டுகளுக்கு நடுவில். குண்டு பள்ளத்தில் முழுதாக விழாது, வளையம் முழுதாக நகராது. சொருகியதுபோலத் தெரியும், மூன்றாவது நடையில் வந்துவிடும். போகப்போகப் பள்ளத்தின் விளிம்பே தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். அப்புறம் எவ்வளவு சுத்தம் செய்தாலும் நிற்காது. அந்தக் கப்ளரை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. கடையில் “அரை இஞ்ச் கப்ளர்” என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஒரே அரை இஞ்சிலேயே ஐ.எஸ்.ஓ 7241 தரத்தில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றின் ஆண் முனை இன்னொன்றின் பெண்ணோடு சேராது. டிராக்டர்களில் பொதுவாக வருவது ‘ஏ’ வகை. பழைய முனையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அங்கேயே சொருகிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

கம்பி போட்டுக் கட்டினால் என்ன தப்பு?

ரெண்டு தடவை கழன்றால் மூன்றாவது தடவை கட்டுக்கம்பி வந்துவிடும். வளையம் நகராதபடி இறுக்கி முறுக்கிவிடுவார்கள். சிலர் பழைய டியூப் ரப்பரால் கட்டுவார்கள். பார்க்க நல்ல யோசனை மாதிரி இருக்கும். ஆனால் கப்ளிங் இழுத்தால் கழன்றுவிடும்படி செய்யப்பட்டிருப்பது தற்செயல் இல்லை. பல டிராக்டர்களில் பெண் கப்ளர் பின்பக்கத் தகட்டில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஓஸ் பலமாக இழுபட்டால் முனை தானாக வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் மாதிரி.

டிராபார் பின் எகிறி டிரெய்லர் பிரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்ளிங் கழன்றால் இரண்டு வால்வும் மூடிக்கொள்ளும், நாலு சொட்டு ஆயிலோடு முடிந்துவிடும். கம்பி கட்டியிருந்தால் கப்ளிங் விடாது. ஓஸ் கிழியும், இல்லையென்றால் டிராக்டரின் வால்வு பக்கத்துக் குழாய் உடையும். அந்த ஆயில் சூடாக இருக்கும், பக்கத்தில் நிற்பவர் மேல் அடிக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான கம்பி போடுகிறவரை நாம் என்ன சொல்வோம்? அதேதான் இதுவும்.

கழலாமல் இருக்க வழி கட்டுவதில் இல்லை, ஓஸுக்குத் தேவையான நீளம் கொடுப்பதில் இருக்கிறது. நீளத்தை அளக்க டேப் வேண்டாம். கருவியை மாட்டி, வண்டியை மெதுவாக இடதுபக்கம் முழுதாக ஒடியுங்கள், பிறகு வலதுபக்கம். பெட்டியையோ கலப்பையையோ முழுதாகத் தூக்கி இறக்குங்கள். ரிவர்சிபிள் கலப்பையானால் புரட்டியும் பாருங்கள். அது அரைவட்டம் சுழலும்போதுதான் ஓஸ் முறுக்கிக்கொள்ளும். இதில் எந்த இடத்திலும் ஓஸ் விறைக்கக் கூடாது, கப்ளிங் பக்கவாட்டில் சாயக் கூடாது.

அதற்காக ரொம்பவும் தாராளமாக விட்டுவிடவும் கூடாது. பி.டி.ஓ. தண்டு ஓடும் கருவியாக இருந்தால், தொங்கும் ஓஸ் அதில் மாட்டும். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. கையை நீட்டுவதற்குள் ஓஸ் சுருண்டுவிடும். மிச்ச நீளத்தை டிரெய்லர் மூக்கிலோ கலப்பைச் சட்டத்திலோ ஒரு வளையம் வைத்து அதன் வழியாக மேலே தூக்கிவிட வேண்டும். வளைவும் அளவாக இருக்கட்டும். இரண்டு அடுக்குக் கம்பிவலை போட்ட அரை இஞ்ச் ஓஸுக்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் 180 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். அதற்குமேல் மடக்கினால் உள்ளே கம்பிவலை முறிய ஆரம்பிக்கும்.

ரிவர்சிபிள் கலப்பையில் ஒரு ஓஸ் மட்டும் கழன்றால்?

டிப்பரைவிட இது விவகாரமானது. ஒரு பக்கம் ஆயில் உள்ளே போகிறது, மறுபக்கம் திரும்பும் வழி அடைத்துவிட்டது. ஜாக்கி அசையாது. ஓட்டுநர் லிவரை இன்னும் கொஞ்ச நேரம் பிடிப்பார். ஜாக்கியின் தண்டு இருக்கும் பக்கத்தில் பிஸ்டனின் பரப்பு குறைவு. அந்தப் பக்கம் அடைபட்டால் அங்கே அழுத்தம் பம்ப் தருவதைவிட அதிகமாக ஏறும். பரப்பு ஒன்றரை மடங்கு வித்தியாசம் என்று வைத்தால் 180 பார் அங்கே 270 பார் ஆகும். சீல் பிதுங்குவதும் ஓஸ் வெடிப்பதும் இப்படித்தான். புரட்டும்போது கலப்பை நின்றுவிட்டால் லிவரை விட்டுவிட்டு இறங்கிப் பாருங்கள். இரண்டு ஓஸுக்கும் ஒரே நிறத்தில் பெயின்ட்டோ டேப்போ இருந்தால், எது எந்தத் துளைக்கு என்று இன்றே நிறம் மாற்றி வைத்துவிடலாம்.

வெயிலில் நின்ற டிரெய்லரில் ஓஸ் சொருக முடியவில்லையே?

சித்திரை வெயிலில் இது அடிக்கடி நடக்கும். காலையில் கழற்றி வைத்த ஓஸுக்குள் அடைபட்ட ஆயில் சூட்டில் விரிந்து, வால்வை உள்ளிருந்து அழுத்தும். எவ்வளவு தள்ளினாலும் முனை உள்ளே போகாது. பலவந்தமாகப் பாதி சொருகி ஓட்டுவதும், கல்லால் வால்வைத் தட்டி ஆயிலைப் பீய்ச்சுவதும் இங்கே வழக்கம். முன்னது மறுபடி கழலும். பின்னது வால்வு உட்காரும் இடத்தைக் கெடுக்கும், கண்ணிலும் அடிக்கும். நிழலில் நிறுத்தி ஆறவிட்டாலே பாதி வேலை முடியும்.

இதைத் தவிர்க்கும் வழி, கழற்றும்போதே இருக்கிறது. பெட்டியை முழுதாக இறக்குங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, லிவரை முன்னும் பின்னும் மூன்று நான்கு முறை ஆட்டுங்கள். மிச்ச அழுத்தம் போன பிறகு கழற்றி, மூடி போட்டு, முனை தரையில் படாமல் மாட்டி வையுங்கள். மாட்டும்போதும் அதேபோல: இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சுத்தமான துணியால் இரண்டு முனையையும் துடைக்க வேண்டும், ‘டக்’ சத்தம் கேட்க வேண்டும், பிறகு ஓஸைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். முழுசாக ரெண்டு நிமிஷ வேலை. ஊரில் இருப்பவர் மாட்டிய கப்ளிங்கை வாட்ஸ்அப்பில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்பி சுற்றியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

பெட்டி மேலே நிற்கும்போது கழன்றுவிட்டால்?

பெட்டிக்கு அடியில் தலையை நுழைத்து ஓஸைத் தேடாதீர்கள். வால்வு தாங்கும் என்ற நம்பிக்கையில் உயிரை வைக்க முடியாது. சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் தாங்குகட்டை கொடுத்த பிறகுதான் கை போக வேண்டும். தூக்கிய பெட்டியோடு வண்டியை நகர்த்துவதும் கூடாது. வயல் ஓரத்து மின்கம்பி எவ்வளவு தாழத் தொங்குகிறது என்பது ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது.

கசிவு எங்கே என்று தேட விரலால் ஓஸைத் தடவவே கூடாது. ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். உயர் அழுத்தத்தில் பீய்ச்சிய டீசல் இப்படி உடலுக்குள் புகுந்ததை 1937-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. உள்ளே தசை கெட ஆரம்பித்திருக்கும், தாமதித்தால் விரலை எடுக்கும் நிலை வரலாம். கசிவைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டை நீட்டுங்கள், ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். கையில் அடித்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், “அழுத்தத்தோடு ஆயில் உள்ளே போயிருக்கு” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லாவிட்டால் சாதாரணக் குத்துக் காயம் என்று டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

கடைசியாக, மறுபடி ஓட்ட ஆரம்பிக்கும் முன் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். பல டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். ‘ஆயில் பிரேக்’ என்று சொல்லும் பிரேக்கும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிறது என்றால், கிழிந்த ஓஸ் வழியாக அரை நிமிடத்தில் 15 லிட்டர் மண்ணில் போயிருக்கும். ஏரிக்கரைச் சரிவில் மண் பாரத்தோடு இறங்கப்போகும் வண்டி அது.