படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?

வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த மாதிரி ஒரு செய்தி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும். ஒரு காலத்தில் எல்லாரும் ரசித்த கார்ட்டூனை வரைந்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், குடும்பம் வாடகைக்குத் திண்டாடுகிறது, முடிந்தவர்கள் உதவுங்கள். கீழே கைகூப்பும் எமோஜிகள் வரிசையாக வரும். வீட்டில் படம் வரைகிற பிள்ளை இருந்தால் கூடவே இன்னொரு வரியும் வரும்: "பாத்தீங்களா, அந்த லைன்ல நிலைமை இதான்."

எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை என் மகள். பத்து வயது. சோஹாரில் அவள் படிக்கும் பள்ளியின் நோட்டுப் புத்தகங்களில் முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் காமிக்ஸ். அந்த வரியை அனுப்புவது திருச்சியில் இருக்கும் என் அப்பா. முப்பது வருஷம் வளைகுடாவில் உழைத்து எங்களைப் படிக்க வைத்தவர். அவருடைய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தச் செய்திகளைப் பிள்ளையிடம் மறைப்பதிலும் எனக்கு விருப்பமில்லை, அவளை மிரட்ட அதையே குச்சியாக எடுப்பதிலும் விருப்பமில்லை. அந்தக் குடும்பங்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று பிள்ளையோடு உட்கார்ந்து படித்தால் வேறு ஒரு பாடம் கிடைக்கிறது.

130 டாலருக்கு ஒரு சூப்பர்மேன்

உலகத்திலேயே பிரபலமான கதை இதுதான். ஜெர்ரி சீகல் எழுதினார், ஜோ ஷஸ்டர் வரைந்தார். 1938 மார்ச்சில் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இருவருக்கும் அப்போது 23 வயது. அதே வருஷம் சூப்பர்மேன் அச்சில் வந்து காமிக்ஸ் தொழிலையே தூக்கி நிறுத்தியது. பிறகு உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். வேலை போனது, புத்தகத்தில் இருந்த பெயரும் போனது.

1975-ல் சூப்பர்மேன் சினிமா பெரிய செலவில் வரப்போகிறது என்ற செய்தி பரவியபோது, சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் சாதாரண குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷஸ்டருக்கு ஏறத்தாழ கண் தெரியாமல் போயிருந்தது. தம்பியோடு ஒரு சின்ன அபார்ட்மென்டில் இருந்தார். சீகல் தன் ஆத்திரத்தை எல்லாம் பக்கம் பக்கமாக டைப் செய்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு காமிக்ஸ் ஓவியர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு டிவி, பத்திரிகை, ஓவியர் சங்கங்கள் என்று அலைந்தார்கள். அந்த டிசம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது: ஆளுக்கு வருஷம் 20,000 டாலர், மருத்துவச் செலவு, கதையில் மறுபடியும் அவர்கள் பெயர்.

இதை மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ அவங்க நல்லா வரையலையா?" நன்றாகத்தான் வரைந்தார்கள். கையெழுத்துப் போட்ட காகிதம்தான் சரியில்லை.

ராக்கெட்டை உருவாக்கியவர் ஒரு வக்கீல்

இரண்டாவது கதை நம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்தில் வரும் ராக்கெட் என்ற ரக்கூனை 1976-ல் உருவாக்கியவர்கள் எழுத்தாளர் பில் மான்ட்லோவும் ஓவியர் கீத் கிஃபெனும். மான்ட்லோ பிற்பாடு சட்டம் படித்து, வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் இலவச வக்கீலாக நியூயார்க்கில் வேலை பார்த்தார். 1992 ஜூலையில் ரோலர் ஸ்கேட் போட்டுப் போய்க்கொண்டிருந்தவரை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. மூளையில் பலத்த அடி. அதற்கப்புறம் அவரால் தனியாக வாழ முடியவில்லை. தம்பி மைக்கேல்தான் காப்பாளராக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் பணம் நின்றது, குடும்பம் இருந்ததை எல்லாம் விற்றது என்று 2011-ல் விரிவாக எழுதியது ஒரு இன்ஷூரன்ஸ் துறைப் பத்திரிகை. வாசகர்களும் சக எழுத்தாளர்களும் அவருக்காக நிதி திரட்டினார்கள். 2014-ல் படம் வந்தபோது அவர் இருந்த பராமரிப்பு இல்லத்திலேயே அவருக்காகத் தனிக் காட்சி போட்டார்கள்.

அப்பாவிடம் வீடியோ காலில் இதைச் சொன்னேன். "பாருப்பா, இவர் படிச்சு வக்கீலாவே ஆயிட்டார். அப்பவும் இப்படி ஆயிருக்கு. இதுல காமிக்ஸோட தப்பு என்ன இருக்கு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "விசா கேன்சல் ஆனா இன்ஷூரன்ஸும் போயிரும்ல, அது மாதிரிதான்" என்றார். வளைகுடாவில் இருந்த மனிதருக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. ஒரு விபத்து, ஒரு நோய், வேலையோடு கட்டிப் போட்ட இன்ஷூரன்ஸ். 2021 அக்டோபரில் ஷாஹீன் புயல் நம் பாத்தினா கரையைப் புரட்டிப் போட்டபோது இங்கேயே பார்த்தோமே. நிற்கும் தரை எவ்வளவு மெல்லியது என்பது எந்த வேலைக்கும் பொது.

மாயாவியை வரைந்தவர் யார்?

நம் பக்கம் வந்தால் கதை வேறு மாதிரி. இங்கே பெயரே தெரியாது.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. நம் அப்பாக்கள் தலைமுறையில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. அதை வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962-ல் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை 'வேலியன்ட்'டில் அது வந்தபோதே அவர் பெயரைப் போடவில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் காமிக்ஸில் அதுதான் வழக்கம். என் அப்பா அவருடைய படங்களை ஐம்பது வருஷமாக மனதில் வைத்திருக்கிறார். பெயரை இந்த வருஷம்தான் கேட்டார்.

சோஹார்க்காரர்கள் சிந்துபாத் எங்கள் ஊர்க்காரர் என்பார்கள். அந்த சிந்துபாத்தை நாயகனாக வைத்துத்தான் தினத்தந்தியில் 1960-லிருந்து 'கன்னித்தீவு' வருகிறது. முடியாத விஷயத்துக்கெல்லாம் நாம் உவமை சொல்லும் அதே கன்னித்தீவு. அதை இத்தனை வருஷம் வரைந்த கைகள் யாருடையவை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அம்புலிமாமாவில் தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமனை வரைந்தவர் கே.சி. சிவசங்கரன், 'சங்கர்'. ஐம்பதுகளில் சென்னையில் அந்தப் பத்திரிகையில் சேர்ந்தவர், பல பத்தாண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020 செப்டம்பரில், தொண்ணூறைத் தாண்டிய வயதில் இறந்தார். அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது அடுத்த ஜனவரியில்.

கொஞ்சம் சந்தோஷமான கதையும் இருக்கிறது. பிள்ளைகள் டிங்கிளில் சிரித்துச் சிரித்துப் படிக்கும் சுப்பாண்டி 1983-ல் வந்தவன், மூலக்கதை திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பியது. வரைந்தவர் ராம் வாயீர்கர். அவர் காலமான பின் சுப்பாண்டியை வரைவது அவருடைய மகள் அர்ச்சனா அம்பேர்கர். இதைக் கேட்டதிலிருந்து என் மகள் சுப்பாண்டி பக்கம் திறந்தால் முதலில் பெயரைத் தேடுகிறாள்.

அபுதாபியில் ஒரு மேஜை

பெயரை முகமாகப் பார்க்க வேண்டும் என்றால் காமிக் கானுக்குத்தான் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் பெரியது 'மிடில் ஈஸ்ட் ஃபிலிம் அண்ட் காமிக் கான்'. 2012-ல் துபாயில் தொடங்கி, 2022-லிருந்து அபுதாபி அட்னெக் அரங்கில் நடக்கிறது. சோஹாரிலிருந்து வாதி ஜிஸ்ஸி வழியாக புரைமி, அல் ஐன் தாண்டிப் போனால் மூன்று மணி நேரத்துக்கு மேல். பார்டரில் நிற்பது தனி. ஓமன் ரெசிடென்ட் கார்டு உள்ளவர்கள் இ-விசாவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் போனோம். சினிமா நடிகர்கள் பக்கம் நீளமான வரிசை. மகள் நேராக ஓவியர்கள் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்னச் சின்ன மேஜைகள்; ஒவ்வொன்றிலும் ஒருவர் தன் பிரின்ட், ஸ்டிக்கர், கைப்பிரதிப் புத்தகங்களைப் பரப்பி வைத்து, ஆள் வராத நேரத்தில் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். ஒரு மேஜையில் மீசை வைத்த பூனை ஒன்றின் சாகசங்கள். மகள் இரண்டு ஸ்டிக்கர் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பட்டென்று கேட்டாள், இதை வைத்துச் சாப்பிட முடியுமா அங்கிள் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். வாரநாளில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. அங்கே வரைவது கம்பெனிக்குச் சொந்தம், அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இந்தப் பூனை எனக்குச் சொந்தம், யார் கேட்டும் கொடுக்கவில்லை. மேஜை வாடகை, பிரின்ட் செலவு போக ஏதோ நிற்கும். ஆனால் இங்கே வாங்குபவர்கள்தான் அடுத்த புத்தகத்துக்கும் வருவார்கள்.

கான்களில் ஓவியர்கள் ஏன் ஒரிஜினல் பக்கங்களை விற்கிறார்கள் என்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. முன்பெல்லாம் அமெரிக்கப் பதிப்பகங்கள் வரைந்த காகிதத்தையே திருப்பித் தராது. கேட்டுக் கேட்டு எழுபதுகளில்தான் அந்த வழக்கம் மாறத் தொடங்கியது. மார்வெலின் பாதி நாயகர்களை உருவாக்கிய ஜாக் கிர்பிக்கே, அவர் வரைந்ததில் ஒரு பகுதிதான் 1987-ல் கைக்கு வந்தது. இன்று ஒரு ஓவியர் மேஜையில் விற்கும் பழைய பக்கம் அவருடைய பிஎஃப் மாதிரி. 2000-ல் தொடங்கி, வயதான காமிக்ஸ் கலைஞர்களின் வாடகைக்கும் மருந்துக்கும் உதவும் 'ஹீரோ இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பும் அமெரிக்கக் கான்களில் மேஜை போட்டுத்தான் பணம் சேர்க்கிறது.

அவங்க கோடும் என் கோடும்

திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள், "அப்பா, நீ ஆபீஸ்ல எழுதுறது யாருக்குச் சொந்தம்?"

கம்பெனிக்குத்தான். நானும் கோடு போடுகிறவன்தான், அவர்களும் கோடு போடுகிறவர்கள்தான். நான் எழுதிய புரோகிராம் நாளைக்குக் கோடிக்கு விற்றாலும் எனக்குப் பங்கில்லை. ஆனால் எனக்கு மாசச் சம்பளம், குடும்பத்துக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ், கடைசியில் கிராஜுவிட்டி. உரிமையைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பை வாங்கிக்கொள்கிறேன். சீகலும் ஷஸ்டரும் உரிமையையும் கொடுத்தார்கள், பாதுகாப்பையும் வாங்கவில்லை. அந்தச் செய்திகளில் வரும் கஷ்டத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அதனால் பிள்ளைக்குப் பென்சில் வாங்கிக் கொடுப்பதோடு ஒப்பந்தம் படிக்கவும் சொல்லிக் கொடுக்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 நமக்குத் தெரிய வேண்டிய நாலு விஷயத்தைச் சொல்கிறது.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு.

ஃப்ரீலான்ஸாக வரைந்த கதைப்படத்தின் உரிமை பொதுவாக வரைந்தவருக்கே. காசு கொடுத்து வரையச் சொன்ன போர்ட்ரெய்ட் மாதிரி சிலவற்றுக்கு வேறு விதி.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

உரிமையை விற்றாலும் 'இது நான் வரைந்தது' என்று சொல்லும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும்.

நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லா ஊரிலும் இவைதான்: யாருக்குச் சொந்தம், எத்தனை நாளைக்கு, பெயர் போடுவார்களா, ஒரிஜினல் திரும்பி வருமா.

அடுத்த தடவை அந்த மாதிரி செய்தி வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் அது உண்மையா என்று குடும்பமோ தெரிந்த பத்திரிகையோ சொல்லியிருப்பதைப் பாருங்கள். அனுப்பும்போது பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காமிக் கானுக்குப் போனால் பட்ஜெட்டில் ஒரு பங்கை ஓவியர் மேஜைக்கு என்று ஒதுக்கி அதைப் பிள்ளை கையில் கொடுங்கள். யாரிடம் வாங்குவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். வீட்டில் கதை படித்து முடித்ததும் வரைந்தவர் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

என் மகள் ஓவியர் ஆவாளா, இன்ஜினியர் ஆவாளா, எனக்குத் தெரியாது. இப்போதைக்கு அவள் காமிக்ஸின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் தன் பெயரும் தேதியும் இருக்கின்றன. போன வாரம் தாத்தாவுக்கு ஒன்று அனுப்பினாள். அவர் குரூப்பில் ஃபார்வர்ட் செய்தபோது கூடவே எழுதியிருந்தார்: "வரைந்தது என் பேத்தி. கேட்காம யாரும் யூஸ் பண்ணக் கூடாது."