ஏரித் தீவில் ஒளிந்திருக்கும் டப்பா: தெரியுமா?

ஊரை ஒட்டி ஓர் ஏரி. நடுவே நாலு மரம் நிற்கும் குட்டித் தீவு. அங்கே ஏதோ ஒரு மூலையில் ஒரு டப்பா. உங்கள் கையில் இருப்பதோ அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மட்டும்! இந்தத் தேடல் விளையாட்டுக்குப் பெயர் ஜியோகேச்சிங். ஒளித்து வைக்கும் டப்பாதான் ‘கேச்’. உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேல் கிடக்கின்றன!

குழப்பம் ஒழிந்த மறுநாளே ஆட்டம்!

ஒரு காலத்தில் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். அதிபர் பில் கிளின்டன் உத்தரவால், 2000 மே 2 பிறந்த நள்ளிரவில் அந்தக் குழப்பம் ஒழிந்தது. மே 3 அன்றே ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டுவிட்டார். மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள்!

முதல் கேச் இன்று செல்லாது!

அந்த வாளிக்குள் புத்தகம், வீடியோ, கவண், கூடவே ஒரு டின் பீன்ஸ். வாளி பாதி மண்ணுக்குள். இன்றைய விதிப்படி இரண்டுமே தப்பு! தின்பண்டம் வைத்தால் விலங்குகள் மோப்பம் பிடித்து வந்து குதறிவிடும். நில உரிமையாளர் அனுமதியின்றிக் குழி தோண்டவும் கூடாது. பீன்ஸ் டின் மட்டும் தப்பிப் பிழைத்து, ஜியோகேச்சிங் விழாக்களில் நட்சத்திரமாக வலம் வந்தது!

ஓர் இலக்கம் தவறினால் தண்ணீரில்!

20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கு ‘தெரிந்தால்தான்’ உங்கள் இருப்பிடம் கணக்காகும். கேச் எண்களைப் பாகை (டிகிரி), கலை (மினிட்), கலையின் மூன்று தசமம் என்று எழுதுவார்கள். அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று கூடினால் வெறும் 1.85 மீட்டர் வித்தியாசம். தசமப் புள்ளியை அடுத்த முதல் இலக்கம் ஒன்று கூடினாலோ 185 மீட்டர்! குட்டித் தீவு என்றால் நேரே ஏரிக்குள்தான். எண் சரியாகவே இருந்தாலும் திறந்த வெளியில் செல்போன் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். அந்தக் கடைசிச் சில அடிகளில் செயற்கைக்கோள் கைவிரித்துவிடும். வேரிடுக்கு, கல்லிடுக்கு எல்லாம் உங்கள் கண் பாடு!

கண்டுபிடிக்க 1, போய்ச்சேர 5!

ஒவ்வொரு கேச்சுக்கும் 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண். ஒன்று தேடும் சிரமத்துக்கு, மற்றது பாதையின் கடுமைக்கு. படகு, கயிறு, முக்குளிப்புக் கருவி தேவையென்றால் பாதைக்கு 5. ஆகவே கண்ணெதிரே கிடக்கும் டப்பாகூட, தீவில் இருப்பதாலேயே 5 வாங்கிவிடும்! இன்னொரு விதியும் உண்டு. இரு கேச் டப்பாக்களுக்கு நடுவே 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். அதைவிடச் சின்னத் தீவு என்றால் ஒரே ஒரு டப்பாவுக்குத்தான் இடம்!

குளிர்காலத்தில் படகே வேண்டாம்!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,842. குளிர்காலத்தில் அவை உறைந்ததும் தீவுக்கு நடந்தே போய்விடலாம்! ஆனால் தெளிந்த புதுப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம், அதாவது சுமார் 10 செ.மீ., இருந்தால்தான் காலடி வைக்கலாம் என்கிறது அம்மாநில இயற்கை வளத் துறை. நூற்றுக்கு நூறு பத்திரமான பனிக்கட்டி என்று எதுவுமே கிடையாது என்றும் சேர்த்தே சொல்கிறது!

உள்ளே பொன்னா, பொருளா?

மூடியைத் திறந்தால் ஜிப் கவருக்குள் ஒரு குட்டி நோட்டு, துண்டுப் பென்சில். கடுங்குளிரில் பால்பாயின்ட் மை இறுகி மக்கர் செய்யும், பென்சில் செய்யாது! பெயரும் தேதியும் எழுதினால் வெற்றி உங்களுடையது. பொம்மை, சாவிக்கொத்து ஏதாவது இருந்தால் எடுக்கலாம், ஆனால் அதற்கு ஈடாக ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும்.

செவ்வாய் வரை போயாச்சு!

2008 அக்டோபரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன ரிச்சர்ட் கேரியட், அங்கேயும் ஒரு கேச் வைத்துவிட்டு வந்தார்! 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் ஜியோகேச்சிங் குறியீடு பொறித்த ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கிறது. ஊர்தி அனுப்பும் படங்களைச் சலித்து அந்தக் குறியீட்டைப் படிப்பதே ஓர் ஆட்டம். நேரில் போய்ப் பார்த்துவர ஆள்தான் இன்னும் கிளம்பவில்லை!