புள்ளி பத்திரம்!

மீஞ்சூர். நாலே நாலு எழுத்து. கும்மிடிப்பூண்டி லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது ஒரு ஸ்டேஷன். வண்டலூரில் கிளம்பும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலைக்கு அது கடைசி எல்லை. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரைவருக்கு டீ குடிக்கிற இடம். ஸ்டிக்கர் வெட்டுகிற கடைக்காரருக்கோ... பரீட்சை!

கொஞ்சம் எழுதிப் பாருங்கள், புரியும். 'மீ' தலையில் சுழி. 'ஞ்' உடம்பு பூரா வளைவு, தலையில் புள்ளி. 'சூ' கீழே வால். 'ர்' ஒற்றைக் கால், அதற்கு ஒரு சாய்வு, அதன் மேலும் ஒரு புள்ளி. கம்ப்யூட்டரில் அடித்து பட்டனைத் தட்டினால் மெஷின் 'சர்ர்' என்று வெட்டித் தள்ளிவிடும். பிறகு வேண்டாத பகுதியை உரிக்கிறபோதுதான் வேடிக்கை. அவசரமாக ஒரு இழுப்பு இழுத்தால் இரண்டு புள்ளியும் கூடவே போய்விடும். பைக் டாங்க்கில் 'மீஞசூர' என்று ஊர் பேர் ஒட்டிக்கொண்டு அலைய வேண்டியதுதான்!

மெஷின் மேல் தப்பில்லை. அதற்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கோடு. கம்ப்யூட்டர் கொடுக்கிற ஓரக் கோட்டின் மேலேயே ஒரு குட்டிக் கத்தி ஓடும். மேலே இருக்கிற வினைல் மட்டும் அறுபடும், அடியில் இருக்கிற காகிதம் அப்படியே இருக்கும். அவ்வளவுதான் அதன் படிப்பு.

இதைக் கண்டுபிடித்தவர்கள் வரிசையில் முக்கியமான பெயர் ஜோசப் கெர்பர். வியன்னாவில் 1924-ல் பிறந்து, ஹிட்லரின் ஆட்களிடமிருந்து தப்பி, சிறுவனாக அமெரிக்கா போனவர். ரெடிமேட் துணியை அடுக்கடுக்காக வெட்டும் மெஷின் கொண்டுவந்தார். பிறகு அவர் கம்பெனி 1983-ல் 'சைன்மேக்கர் 3' என்ற போர்டு எழுத்து வெட்டும் மெஷினை விட்டது. பிரஷ்ஷும் பெயின்ட் டப்பாவும் வைத்துப் பிழைத்த ஓவியர்களுக்கு உலகம் முழுக்க அன்று பிடித்தது சனி! அதே வம்சத்தில் வந்த குட்டி மெஷின்கள் இன்று டைனிங் டேபிள் மேலேயே உட்கார்ந்துகொண்டு கேக் அலங்காரம், கொலு தோரணம், ஸ்கூல் டீ-ஷர்ட் எழுத்து என்று வெட்டித் தள்ளுகின்றன. வீட்டுக்கு வீடு ஒரு தொழில்.

திரும்பப் புள்ளிக்கு வருவோம். பாவம், தமிழ்ப் புள்ளிக்கு எந்தக் காலத்திலும் நிம்மதி கிடையாது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. எழுத உட்கார்ந்தவர்களுக்கோ பனை ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் புள்ளியைக் குத்தினால் ஓட்டை விழுந்து கிழியும். அதனால் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிக்கிறவன் இடம் பார்த்துப் புரிந்துகொள்வான் என்று நம்பிக்கை! இப்போது ஓலை போய் வினைல் வந்திருக்கிறது. தொல்லை அதேதான். அரை அங்குல எழுத்தில் புள்ளி கடுகு சைஸ்தான் இருக்கும். அதன் முதுகில் பசை எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

விவரம் தெரிந்தவர்கள் செய்கிற முதல் வேலை, புள்ளியைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்குவது. பல ஃபான்ட்டுகளில் புள்ளி வளையமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். அச்சில் பார்க்க அழகு. கத்திக்கு அது இரண்டு வெட்டு, உரிக்கிறவருக்கு இரட்டைத் தலைவலி. வளையத்தை அடைத்து முழு வட்டமாக்கிவிட்டால் பாதி வம்பு தீர்ந்தது. உரிக்கும்போதும் வினைலை மேல்நோக்கித் தூக்கக் கூடாது. மேஜையோடு படிந்த மாதிரி மெதுவாக மடித்து இழுக்க வேண்டும். இங்கிலீஷில் இந்த வேலைக்கு 'வீடிங்' என்று பேர். களை எடுப்பது! நாற்றையும் சேர்த்துப் பிடுங்கினால் யாருக்கு நஷ்டம்?

கேக் மேல் குத்துகிற அட்டை எழுத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பசையே கிடையாது, புள்ளி அந்தரத்தில் நிற்க வேண்டும். 'ஹேப்பி பர்த்டே' என்று இங்கிலீஷில் வெட்டினால் ஒரே ஒரு 'ஐ'க்கு மட்டும்தான் புள்ளி. கேப்பிடலில் வெட்டினால் அதுவும் இல்லை. 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று தமிழில் ஆசைப்பட்டால்? எண்ணிப் பாருங்கள், ஐந்து! ('வாழ்த்துக்கள்' என்று எழுதுகிறவர்களுக்கு ஆறு. தமிழாசிரியர் பேச்சைக் கேட்டால் ஒரு புள்ளி மிச்சம்.) ஒவ்வொரு புள்ளியையும் எழுத்தோடு ஒரு மெல்லிய காம்பு வைத்து இணைக்க வேண்டும். நிலக்கடலை மாதிரி தொங்குமே என்று கவலைப்படாதீர்கள். மூன்றடி தள்ளி நின்றால் காம்பு கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த வில்லங்கம், ஒட்டி நிற்கிற எழுத்து. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுகளில் பல உயிர்மெய்கள் ஒரே துண்டாக இருக்காது. 'க' தனி, மேலே வளையும் கொக்கி தனி. பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி 'கி' என்று கண்ணுக்குத் தெரியும். கத்திக்கு அது இரண்டு வடிவம்! ஏறி நிற்கிற இடத்தில் இரண்டு கோட்டையும் விடாமல் வெட்டும். ஒட்டுகிறபோது கொக்கி கழன்று தனியாக வரும். மருந்து: 'வெல்டு'. சில மென்பொருளில் 'யூனியன்' என்பார்கள். இரண்டையும் உருக்கி ஒன்றாக்குகிற பட்டன். இங்கிலீஷில் கையெழுத்து மாதிரி சாய்ந்து ஓடும் ஃபான்ட்டுகளுக்கும் இதே வைத்தியம்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இடைவெளியெல்லாம் சரி செய்த பிறகுதான் வெல்டு. வெல்டு பண்ணுவது கல்யாணம் பண்ணுவது மாதிரி. அதற்கப்புறம் 'கொஞ்சம் தள்ளி நில்லு'ன்னா நடக்காது! எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும் திருத்த முடியாது. வெல்டு பண்ணாத ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பட்டனைத் தொடுங்கள்.

இடைவெளி என்றேன் இல்லையா, தமிழைத் தெரியாத மெஷின் தமிழை நிஜமாகவே கடித்துத் துப்புவது அங்கேதான். மீஞ்சூருக்கு வடக்கே ரயிலில் அனுப்பம்பட்டு தாண்டினால் பொன்னேரி. இந்தப் 'பொ'வைக் கவனியுங்கள். முன்னால் கொம்பு, நடுவில் 'ப', பின்னால் கால். மூன்று துண்டு, ஆனால் ஒரே எழுத்து. லாரிக்காரர் வந்து, "அண்ணே, பேரு முன் கண்ணாடி பூரா வரணும், நல்லா இழுத்து விடுங்க" என்பார். கடைக்காரரும் எழுத்து இடைவெளியை ஒரே தட்டில் கூட்டுவார். கம்ப்யூட்டருக்கு எல்லாத் துண்டும் சமம். கொம்பு ஒரு பக்கம், 'ப' ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். தூரத்திலிருந்து படித்தால் 'பெரன்னேரி'! காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் அந்தச் சின்னச் சாய்வு மட்டும்தானே? (அந்தச் சாய்வே உரிக்கும்போது கிழிந்து போனால் 'மரம்' 'மாம்' ஆகிவிடும், அது வேறு கதை.)

இதில் அரசாங்கத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பெரியார் 1935-லிருந்தே தன் பத்திரிகையில் நடத்திக் காட்டியது. 'லை', 'ணை', 'றா', 'னோ' என்று 13 எழுத்துகளின் பழைய உருவம் போனது. யானைத் தும்பிக்கை போட்ட பழைய 'லை' ஒரே உடம்பாக இருந்தது. புதிய 'லை' இரண்டு துண்டு. குழந்தைகளுக்கும் டைப்ரைட்டருக்கும் அச்சுக்கோப்பவர்களுக்கும் அது பெரிய உபகாரம், சந்தேகமே இல்லை. ஸ்டிக்கர்காரருக்கு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய சந்து ஒன்று கூடியது.

சரி, என்ன செய்வது? கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் முதலில் ஒரு குடும்பமாகக் கட்டிவிட வேண்டும் (மென்பொருளில் 'குரூப்'). பிறகு நகர்த்துவதாக இருந்தால் குடும்பத்தோடுதான் நகர்த்த வேண்டும். குடும்பத்துக்குள் இடைவெளி குறைவு, குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் அதைவிட அதிகம். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் எந்த ஊர் பேரையும் வண்டி அகலத்துக்கு இழுக்கலாம்.

அப்போதும் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஸ்கேல் பொய் சொல்லும். 'ட'வை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் சுவர், கீழே தரை, வலது மேல் மூலை காலி மனை! 'வடசென்னை' என்று எழுதினால் 'ட'வுக்கு அப்புறம் அந்தக் காலி மனையால் 'வட' தனி, 'சென்னை' தனி மாதிரி தெரியும். அளந்து பார்த்தால் இடைவெளி அதேதான் இருக்கும். இங்கிலீஷில் 'எல்' எழுத்துக்கு இதே வியாதி. அடுத்த எழுத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் ஆக வேண்டும். அதேபோல நேர்க்கோடும் நேர்க்கோடும் பக்கத்தில் வந்தால் நெருக்கமாகத் தெரியும், தள்ளி வைக்கணும். வளைவும் வளைவும் வந்தால் நெருக்கி வைக்கலாம்.

பிரஷ் பிடித்த பழைய ஆசாமிகளுக்கு இதெல்லாம் கையில் ஊறியிருந்தது. கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள். எழுதிய தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள். தலைகீழாகப் பார்த்தால் மனசு படிக்காது, கண் மட்டும் பார்க்கும். எங்கே ஓட்டை, எங்கே நெரிசல் என்று உடனே தெரியும். இன்னொரு யுக்தி, எழுத்துகளுக்கு நடுவில் தண்ணீர் ஊற்றுவதாகக் கற்பனை பண்ணுவது. ஒவ்வொரு சந்துக்கும் ஒரே அளவு தண்ணீர் பிடித்தால் இடைவெளி சரி. காசு செலவில்லாத மென்பொருள்!

'ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு அமர்க்களமா?' என்று நீங்கள் கேட்கலாம். கேக்குக்கும் பைக்குக்கும் அமர்க்களம் வேண்டாம்தான். ஆனால் மீஞ்சூர் ரோட்டில் பைக் மட்டுமா ஓடுகிறது? பக்கத்திலேயே அத்திப்பட்டு, எண்ணூர். கேஸ், பெட்ரோல், ரசாயனம் என்று டாங்கர் பின்னால் டாங்கர்.

1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 134-வது விதி இந்த வண்டிகளுக்கென்றே இருக்கிறது. உள்ளே இருக்கும் சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல். ஐ.நா. வகை எண் 100 மில்லிமீட்டர். ஆபத்தில் கூப்பிட வேண்டிய போன் நம்பர் 50 மில்லிமீட்டர். இதையும் யாரோ ஒரு கடையில்தான் வெட்டி ஒட்டுகிறார்கள். விதியில் உயரம் இருக்கிறது. 'படிக்கிற மாதிரி இடைவெளி விடு' என்பதை வெட்டுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ரோடு போர்டுகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு அங்குல உயர எழுத்தை 30 அடியிலிருந்து படிக்கலாம். 50 மில்லிமீட்டர் என்பது சுமாராக 2 அங்குலம். ஆக 60 அடி. அதுவும் எழுத்து தெளிவாக இருந்தால், இடைவெளி ஒழுங்காக இருந்தால். கேஸ் கசிகிற டாங்கருக்கு 60 அடி பக்கத்தில் போய் நிற்கச் சொல்வீர்களா யாரையாவது? 2025 ஜனவரி 3-ம் தேதி கோயம்புத்தூர் அவினாசி ரோடு மேம்பாலத்தில் ஒரு கேஸ் டாங்கர் கவிழ்ந்து கசிந்தபோது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கே விடுமுறை விட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் பத்து இலக்க நம்பர் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றால், படிக்கிறவர் பதற்றத்தில் 1 எது, 7 எது என்று தடுமாறுவார்.

நம்பர் வெட்டுவதில் ஒரு சூட்சுமம். பெரும்பாலான ஃபான்ட்டுகளில் எல்லா எண்ணுக்கும் ஒரே அகல சீட். 8 குண்டு ஆள், 1 ஒல்லி ஆள், ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கும் சமமாக இடம் ஒதுக்கின மாதிரி. 1 வருகிற இடமெல்லாம் இரண்டு பக்கமும் பள்ளம் விழும். 11 வந்தால் கேட்கவே வேண்டாம். 1-ஐ மட்டும் பிடித்து நெருக்கி வையுங்கள். பத்து எண்ணையும் ஒரே ரயிலாக விடாமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் ஒரு மூச்சு விடுங்கள்.

நம்பர் பிளேட்டில் மட்டும் உங்கள் கண்ணுக்கு வேலையில்லை. அங்கே அதே 1989 விதிகள் இடைவெளியையும் மில்லிமீட்டரில் எழுதி வைத்திருக்கின்றன. கார், லாரிக்கு உயரம் 65, தடிமன் 10, இடைவெளி 10. பைக்கின் பின்பக்கம் எழுத்துக்கு 35, எண்ணுக்கு 40, தடிமன் 7, இடைவெளி 5. அப்பா பெயர் மாதிரி தெரிய நம்பரை வளைத்து எழுதுகிற தம்பிகள் கவனிக்க! 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புது வண்டிகளுக்கோ உயர் பாதுகாப்பு பிளேட்டே பொருத்தி வந்துவிடுகிறது, கடைக்குப் போக வேண்டிய வேலையே இல்லை.

லாரியில் இரவில் மின்னுகிற ஸ்டிக்கருக்கு நம் ஊரில் 'ரேடியம்' என்று பேர். மேரி க்யூரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெறும் பிரதிபலிப்புதான். ஆனால் ஒரு குணம் உண்டு. லைட் பட்டதும் எழுத்து பளீரென்று பூத்து, தடித்த மாதிரி தெரியும். பகலில் சரியாக இருந்த சந்து ராத்திரியில் அடைபட்டுப்போகும். அதனால் ரேடியத்தில் வெட்டும்போது இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாகவே விட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் சாதாரண தாளில் நிஜ அளவுக்கே பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். வினைலைவிடக் காகிதம் சல்லிசு. இன்னொன்று, வினைல் ரோலின் ஓரத்தில் எப்படியும் கொஞ்சம் வீணாகும். அந்த ஓரத்தில் அதே சைஸில் நாலைந்து புள்ளிகளை உபரியாக வெட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள். வண்டி கழுவுகிறபோது ஒன்று விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.